மரம் மழைக்குச் சாவதில்லை

தோட்டத்தில் ஒரு மரக்குடில் போடலாம் என்று யாராவது வாயெடுத்தால் பதில் தயாராக இருக்கிறது. "மரமா? நம்ம ஊரு மழைக்கும் வெயிலுக்கும் நிக்காதுங்க. அஞ்சு வருஷத்துல கரையான் தின்னுடும். பேசாம செங்கல் வெச்சுக் கட்டிடுங்க." சொல்பவர் மேஸ்திரியாக இருக்கலாம், உறவுக்காரராக இருக்கலாம், படித்த பொறியாளராகவும் இருக்கலாம். அதையும் மீறி மரம்தான் வேண்டும் என்று நிற்பவருக்கு அடுத்த அறிவுரை வரும்: "அப்படின்னா பர்மா தேக்குல பண்ணுங்க. வருஷா வருஷம் நல்ல வார்னிஷ் அடிங்க. அடியில மருந்து ஊத்துங்க."

முதலாவது தடுப்பது போலவும் இரண்டாவது அனுமதிப்பது போலவும் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. நனைந்தால் மரம் அழியும். அந்த அழிவைத் தள்ளிப்போட விலைமிகுந்த மரம், மேற்பூச்சு, மருந்து ஆகிய மூன்றே வழி என்பதுதான் அந்த வேர். கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் விடுதிகளாக, கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பண்ணை வீடுகளில் விருந்தினர் அறையாக, நகரத்து வீட்டுத் தோட்டங்களில் படிக்கும் அறையாக மரக்குடில்கள் இன்று பெருகிவருகின்றன. அவற்றில் பழுதாகிக் கிடப்பவை நிறைய. அவற்றைக் காட்டி "பார்த்தீர்களா, மரம் ஆகாது" என்கிறார்கள். நான் அதே குடில்களைக் காட்டித்தான் மறுக்கிறேன். அவற்றைக் கெடுத்தது மழை அல்ல; விழுந்த மழை வெளியேற வழிவிடாத கட்டுமானம். அப்படிக் கட்டத் துணிவு தந்தது, வார்னிஷும் மருந்தும் எதையும் காப்பாற்றிவிடும் என்ற இதே நம்பிக்கை.

மழைக்கு மரம் நிற்காது என்பவர்கள் தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையை ஒரு மழைநாளில் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் விரிவாக்கிய அந்த அரண்மனையில் தாய்க்கொட்டாரம் அதற்கும் முந்தையது. தூண், உத்திரம், கூரைச் சட்டம், சாளரம் என்று எங்கும் மரம். பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து செதுக்கு வேலையைப் பார்க்கிறார்கள். குனிந்து பார்க்க வேண்டும். மரம் எங்கேயும் மண்ணிலிருந்து தொடங்குவதில்லை, கல்லிலிருந்து தொடங்குகிறது. கூரை செங்குத்தாகச் சரிந்து, சுவரை விட்டு வெகுதூரம் நீண்டு இறங்குகிறது. மழை சுவரைத் தொடுவதற்கே சிரமப்படுகிறது. மாடிச் சாளரத்தின் அழிகள் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் சாரல் வழிந்து போகிறது, காற்று உள்ளே வந்து போகிறது. அந்த மரத்தைக் காத்தது எந்த டப்பாவிலிருந்தும் வரவில்லை; அது தச்சரின் கணக்கு.

"அது அரசர் காலத்து மரம், வைரம் பாய்ந்த கட்டை, இப்போது அப்படி எங்கே கிடைக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே பைன் மரத்தையே எடுத்துக்கொள்வோம். நம் மரக்கடைகளில் பெட்டி அடிக்கிற மரம் என்று ஒதுக்கப்படுவது பைன். நார்வேயில் போர்குண்ட் என்ற ஊரில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பைன் மரத்தால் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஊர்னெஸ் என்ற இடத்தில் இருப்பது அதைவிடப் பழையது; 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இவற்றுக்கு முந்தைய தலைமுறைத் தேவாலயங்களில் தூண்களை மண்ணில் குழிதோண்டி நட்டார்கள். இன்று அவற்றின் குழிகள் மட்டுமே அகழாய்வில் கிடைக்கின்றன. அதே நாடு, அதே மழை, அதே பனி. மண்ணில் நட்டது மண்ணாகிவிட்டது. கல் வரிசை மேல் கிடைமட்ட உத்திரம் வைத்து அதன் மேல் தூண் நிறுத்தியது எட்டு நூற்றாண்டு கடந்துவிட்டது. நல்ல முதிர்ந்த கட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும், காலம் தவறாமல் தார் பூசிவருகிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் பழைய தேவாலயத்துக்கும் புதியதற்கும் நடுவே தச்சர்கள் மாற்றியது பூச்சை அல்ல, அடித்தளத்தை.

மரம் ஏன் உளுத்துப்போகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். விவாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. மரத்தை அழுகவைப்பது பூஞ்சை. அதற்கு உணவு, காற்று, வெப்பம், நீர் ஆகிய நான்கும் வேண்டும். முதல் மூன்றையும் நம்மால் மறுக்க முடியாது, நீரை மறுக்கலாம். மரத்தின் எடையில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் தொடங்குவதில்லை. சுமார் 28 விழுக்காட்டுக்கு மேல் ஏறி, அங்கேயே வாரக்கணக்கில் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இப்போது நம் ஊர்க் காற்றைப் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடாக இருக்கும் கடலோர நாளில், கூரைக்கடியில் உள்ள மரம் 14 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். மலையில் பனிமூட்டம் சூழ்ந்து 90 விழுக்காடு ஆனாலும் மரம் 20ஐத்தான் எட்டிப்பிடிக்கிறது. அதாவது, "ஹ்யூமிடிட்டி ஜாஸ்தி, மரம் அழுகிடும்" என்ற பேச்சுக்குக் கணக்கில் இடமில்லை. காற்றிலுள்ள ஈரம் மரத்தை அழுகவைக்காது. நீராகவே வந்து, போக வழியில்லாமல் தேங்கும் ஈரம்தான் அழுகவைக்கும். பெய்து ஓய்ந்து, அடுத்த நாள் வெயிலில் காய்ந்துவிடும் மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

நம் கடற்கரை மீனவர்களுக்கு இது எப்போதும் தெரிந்ததே. கட்டுமரத்துக்குப் பயன்படுவது எடை குறைந்த, நீர் குடிக்கிற மரம், தேக்கு அல்ல. கடலிலிருந்து வந்ததும் கரையேற்றி, கட்டவிழ்த்துக் காயப்போடுவார்கள். உப்புநீரில் நாளெல்லாம் ஊறுகிற ஒரு பொருளைக் காயவைத்தே பிழைக்கவைத்தவர்கள் வாழும் கரையில், தோட்டத்துக் குடில் மழைக்கு ஆகாது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. அது இன்னும் வலுவானது. நியூசிலாந்தில் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் புதுப்பாணியில் ஏராளமான வீடுகள் கட்டினார்கள். உள்ளே பைன் மரச்சட்டம், வெளியே சிமென்ட் பூச்சு போன்ற வழவழப்பான உறை. இறவாணம் அறவே இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்று கூரையைச் சுவரோடு வெட்டிவிட்டார்கள். மரத்தின் மேல் ஒரு சொட்டு மழையும் நேராக விழவில்லை. ஆனால் சாளர ஓரங்களிலும் வெடிப்புகளிலும் கசிந்த நீர் உறைக்குப் பின்னே சிக்கிக்கொண்டது. மருந்தேற்றாத சட்டம்கூடப் போதும் என்று அப்போது விதியைத் தளர்த்தியிருந்ததால் அழுகல் வேகம் பிடித்தது. 2009இல் வந்த மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 42,000 வீடுகள், 1,130 கோடி நியூசிலாந்து டாலர் செலவு. கனடாவின் வான்கூவர் பகுதி அடுக்குமாடிகளிலும் இதே கதை நடந்து, 1998இல் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் விசாரணை ஆணையம் அமர்ந்தது. மூடி அடைத்துக் காக்க நினைத்த மரம் அழுகியது. வெளியில் நனைந்து காய்ந்துகொண்டிருந்த பழைய மரவேலிகள் அதே தெருக்களில் நின்றுகொண்டிருந்தன.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். பழுதான குடில்களில் நான் முதலில் பார்ப்பது அடியை. பெரும்பாலும் சிமென்ட் தளம் போட்டு, அதன்மேல் நேராக அடிச்சட்டத்தை வைத்திருப்பார்கள். தளம் குடிலைவிட ஓரடி அகலமாக வெளியே நீண்டிருக்கும். கூரையிலிருந்து விழும் நீர் அந்த விளிம்பில் மோதிச் சுவரின் கீழ்ப்பலகையில் தெறிக்கும்; மீதி, அடிச்சட்டத்துக்குக் கீழே ஊர்ந்து போய்த் தங்கும். மேலே எந்த நாட்டுத் தேக்கு வைத்திருந்தாலும் அடிச்சட்டம் மூன்றாம் மழையில் மிருதுவாகிவிடும். மழைத்துளி தரையில் பட்டால் ஓரடி உயரம்வரை தெறிக்கும். ஆகவே மண்ணிலிருந்து மரத்தின் அடி ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். சுற்றிலும் ஒன்றரை அடி அகலத்துக்குச் சரளைக்கல் கொட்டினால் துளி தெறிப்பது குறையும். அப்போது அரையடி போதும். கொங்கு நாட்டில் வேலிக்கு நடும் கல்தூண்களை வெட்டி, வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தகடு வைத்து அதன்மேல் உத்திரம் ஏற்றினால் அடியில் காற்று ஓடும். சிமென்ட் தளத்துக்கு ஆகும் பணத்தில் பாதிகூட ஆகாது. அழகுக்காகச் சுற்றிலும் செங்கல் வைத்து அந்த இடைவெளியை அடைத்துவிடக் கூடாது. அடைத்தே ஆக வேண்டுமென்றால் நான்கு பக்கமும் வலைபோட்ட திறப்பு வேண்டும்.

அடுத்தது கூரை. படத்தில் பார்த்த வெளிநாட்டுக் குடில் போலவே வேண்டும் என்று நீளம் குறைந்த இறவாணம் வைக்கிறார்கள். சாய்ந்து அடிக்கும் நம் ஐப்பசி மழைக்கு இரண்டடி இறவாணம் இல்லாவிட்டால் எந்தப் பூச்சும் உதவாது. காற்று அடிக்கும் திசையில் அதையே தாழ்வாரமாக்கினால் இன்னும் நல்லது. உட்கார இடமும் கிடைக்கும். கூரைத் தகட்டில் ஆணி அடித்த இடத்தில் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்துப்போவது, கூரையோரக் கால்வாயில் சருகு அடைத்து நீர் சுவர்ப்பக்கம் வழிவது இரண்டும் கண்ணில் படாமலே ஆண்டுக்கணக்கில் நடக்கும். தகடு நேராக மரத்தின்மேல் கிடந்தால் விடியற்காலையில் அதன் அடியில் பனி வேர்த்துச் சொட்டும். தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் வைத்துக் காற்றுவிட வேண்டும்.

மழை குறைவான கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் அழுகிய குடில்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வானத்தைக் குற்றம் சொல்ல முடியாது. புல்தரைக்கு வைத்த ஸ்பிரிங்க்ளர் நாள்தோறும் காலையில் சுவரை நனைத்துக்கொண்டிருந்தது. ஏ.சி.யின் வடிகுழாய் சுவரோரம் சொட்டியது. கீழ்ப்பலகையை ஒட்டிப் பூந்தொட்டிகள், பலகைமேல் படர்ந்த கொடி, அழகுக்காகக் குவித்த செம்மண். இவை எல்லாம் ஒரு நாளில் சரிசெய்யக் கூடியவை, காசு செலவில்லாதவை. ஆனால் வீட்டுக்காரர் அழைத்தது பெயின்டரை. குளிரூட்டிய குடிலில் உட்புறச் சுவருக்கு பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் போடுவதும் இதே வகைத் தவறு. வெளிக்காற்றின் ஈரம் உள்நோக்கி வந்து, குளிர்ந்த அந்தத் தாளின் பின்பக்கம் நீராகி நிற்கும்.

இப்போது வார்னிஷ். நம்மூரில் மரம் பற்றிய பேச்சில் பாதி இடத்தை இது பிடித்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் கடுமையாகவே சொல்லியாக வேண்டும். பளபளக்கும் தெளிந்த வார்னிஷ் மரத்தின்மேல் ஒரு சவ்வு. வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தச் சவ்வைத் துளைத்துக்கொண்டு போய், மரநாரை ஒட்டவைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. கீழே இருக்கும் மரம் தளர்ந்ததும் சவ்வு பிடிப்பின்றி உரிகிறது. நம் வெயிலில் தென்பக்க, மேற்குப்பக்கச் சுவர்களில் இது ஓராண்டிலேயே தொடங்கிவிடும். வெடித்த சவ்வின் வழியே நீர் உள்ளே போகும். மீதமிருக்கும் சவ்வு அதை வெளியே விடாது. வார்னிஷ் அடிக்காத பலகை மாலைக்குள் காய்ந்திருக்கும். வார்னிஷ் அடித்த பலகை சவ்வுக்கு அடியில் கறுத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் இன்னொரு கோட் அடிப்பதைப் பராமரிப்பு என்று சொல்கிறார்கள்.

பூச்சே கூடாது என்பதல்ல என் வாதம். ஊடுருவிப்போய்ச் சவ்வு கட்டாத எண்ணெய்ப் பூச்சு, அதிலும் நிறமி கலந்தது, வெயிலையும் தடுக்கும். உரிவதில்லை என்பதால் மறுமுறை பூசச் சுரண்டவும் வேண்டாம். நம் தச்சர்களும் படகு கட்டுபவர்களும் பூசிவந்த முந்திரிக்கொட்டை எண்ணெய் மட்டமான பொருளல்ல. கை படும் இடங்களில் மட்டும் அது தோலை அரிக்கும் என்பதால் கூரைச்சட்டம், அடிச்சட்டம் போன்ற மறைவான இடங்களுக்கே ஏற்றது. எந்தப் பூச்சானாலும் முதலில் போக வேண்டியது பலகையின் முகத்துக்கு அல்ல, வெட்டுமுனைக்கு. நாரின் நீளவாக்கில் மரம் குடிக்கும் நீர், குறுக்குவாக்கில் குடிப்பதைவிடப் பல மடங்கு. முகத்துக்கு மூன்று கோட் அடித்துவிட்டு, தரையைப் பார்த்திருக்கும் வெட்டுமுனையை வெறுமையாக விட்டிருப்பதுதான் எல்லா இடங்களிலும் நான் காணும் வழக்கம்.

வெளிமரம் சாம்பல் நிறமாவதைப் பார்த்து "செத்துப்போச்சு" என்று பதறுகிறார்கள். அது வெயில் பட்ட மேல்தோல், அவ்வளவுதான். அமெரிக்காவில் மாடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகத்தின் நெடுநாள் கணக்குப்படி, பூச்சில்லாத பைன் வகை மரம் வெயில் மழையில் இழப்பது நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். பொறுத்துக்கொள்ளக் கூடிய இழப்பு. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நுனி கால் அங்குலம் பொதுக்கென்று உள்ளே போனால்தான் அழுகல். நிறம் எதையும் சொல்லாது.

கதவு இறுகுவது அடுத்த பெரிய புகார். கார்த்திகையில் கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும். ஆசாரியை அழைத்து இழைப்பார்கள். சித்திரையில் விரல் நுழையும் அளவு இடைவெளி வந்து பாம்பு நுழையுமோ என்று பயப்படுவார்கள். "மரம் முறுக்கிடுச்சு, மரமே சரியில்ல" என்று தீர்ப்பு. மரம் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குவது அதன் இயல்பு. அந்த இயல்பு அளக்கக் கூடியது. அளந்து இடம்விட வேண்டியது கட்டியவர் பொறுப்பு. நாரின் நீளத்தில் மரம் அசைவதே இல்லை எனலாம், குறுக்கில் அசையும். பலகைமேல் பலகை அடுக்கிச் சுவராக்கும் குடிலில் எல்லாப் பலகையும் குறுக்காகப் படுத்திருப்பதால் அசைவெல்லாம் சுவரின் உயரத்தில் சேர்கிறது. ஈரம் ஐந்து விழுக்காடு மாறினால், எட்டடிச் சுவர் சுமார் ஓரங்குலம் ஏறி இறங்கும். கதவு நிலையோ நெட்டுக்குத்தாக நிற்கும் சட்டம், அசையாது. நிலைக்கு மேலே அந்த ஓரங்குலத்தை விட்டு வைக்காவிட்டால் வேனிலில் சுவர் முழுவதும் இறங்கி நிலையின் தலையில் உட்காரும். நிலையைச் சுவர்ப்பலகையோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தால் இறங்க வேண்டிய பலகைகள் அந்தரத்தில் தொங்கி, நடுவே வெளிச்சம் தெரியும். இரண்டையும் பலரும் மரத்தின் குற்றமாக எண்ணிப் புட்டியும் சிலிக்கானும் அடைக்கிறார்கள். அடுத்த மழைக்கு மரம் விரியும்போது அந்தச் சிலிக்கான் பிதுங்கி, பலகையின் காடியைப் பிளக்கும். செய்ய வேண்டியது ஸ்க்ரூவைக் கழற்றுவது, நிலைக்கு மேலே வெட்டி இடம் தருவது, அந்த இடத்தை வெளியே ஒரு மூடுபலகையால் மறைப்பது, அதன் மேல்முனையை மட்டும் சுவரோடு பிணைப்பது. மழைக்காலத்தில் கதவை இழைக்கவே கூடாது. முதலில் நான்கு மூலையும் மட்டம் பார்க்க வேண்டும்; அடித்தளம் ஒரு மூலையில் அரை அங்குலம் இறங்கியிருந்தாலும் இறுகுவது கதவுதான்.

கட்டையில் விழும் நீளவெடிப்புகளும் இதே இனம். காய்ந்து சுருங்கும்போது வெடிப்பது வலிமையைக் கெடுப்பதில்லை. வெடிப்பு மேல்நோக்கி நீர் தேங்கும்படி இருந்தால் மட்டுமே கவனம் வேண்டும்.

கரையான் பேச்சு வராமல் இந்த விவாதம் முடியாது. மண்ணிலிருந்து வரும் கரையானுக்கு ஈரம் வேண்டும், மறைவு வேண்டும். கல்தூண் மேல் ஓரடி உயரத்தில் நிற்கும் குடிலுக்கு அது மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறியாக வேண்டும். தூணின் தலையில் வைத்த தகட்டின் விளிம்பு கீழ்நோக்கி மடங்கியிருந்தால் அந்தக் குழாய் வெளியே வளைந்து வர நேரும், கண்ணுக்குத் தெரியும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். தரையோடு ஒட்டிய குடிலில் மருந்தடித்த ஆள் போன சில ஆண்டுகளில் மருந்தும் வலுவிழந்துவிடும், கரையான் வந்த வழியும் தெரியாது. இது என் சொந்தக் கருத்தல்ல. கட்டடங்களில் கரையான் தடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313இன் முதல் பகுதியே கட்டுமான வழிமுறைகள் பற்றியது. மருந்து இரண்டாம் பகுதியில்தான் வருகிறது. ஜெர்மானியரின் மரப்பாதுகாப்புத் தரநிலை டிஐஎன் 68800இலும் கட்டுமானத் தடுப்பு முந்தியது, ரசாயனம் பிந்தியது. நம்மிடம் மட்டும் மருந்துக்கான விலைச்சீட்டு முதலில் வருகிறது.

எதிர்த்தரப்பு சரியாகச் சொல்லும் இடங்களும் உண்டு. மண்ணே தொடாமல் பறந்து வந்து காய்ந்த மரத்துக்குள் குடியேறும் கரையான் வகையும், ரப்பர் மரம் போன்ற மாவுச்சத்து மிகுந்த வெள்ளைக்கட்டையைப் பொடியாக்கும் வண்டும் நம் பகுதியில் இருக்கின்றன. இவற்றை உயரமும் காற்றும் தடுக்காது. வெள்ளை விழுந்த பகுதியைத் தவிர்ப்பதும், மலிவான மரத்தைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து வாங்குவதும்தான் வழி. வெளியே நனையும் மரத்துக்கு அந்தக் கரைசல் கழுவிப்போய்விடும் என்பதால் அழுத்தத்தில் ஏற்றிய செம்பு வகை மருந்து வேண்டும். இவ்வகை மருந்துகளில் உலகெங்கும் மின்கம்பங்களுக்கும் வேலிகளுக்கும் ஏறிய செம்பு-குரோமியம்-ஆர்சனிக் கலவையை 1933இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் சோன்டி காமேசன். ஆர்சனிக் காரணமாக அதை வீட்டு உபயோகத்திலிருந்து பல நாடுகள் விலக்கிவிட்டன. பச்சை படிந்த பழைய பலகையை வெந்நீர் அடுப்பில் எரிக்கவோ சாம்பலைச் செடிக்குப் போடவோ கூடாது. இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன்: ஆண்டுதோறும் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும் தாழ்வான மனையில் மரக்குடில் கட்டக் கூடாது. அங்கே அவர்கள் சொல்வதுதான் சரி.

பழுதான குடிலைச் சீர்செய்வதிலும் இந்த நம்பிக்கை புகுந்து கெடுக்கிறது. அழுகிய அடிச்சட்டத்தைச் சுரண்டி, எபாக்சி நிரப்பி, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஈர மரத்துக்குள் ஊற்றிய எபாக்சி அந்த ஈரத்தைச் சிறைவைக்கிறது. அடுத்த மழைக்குள் அழுகல் எபாக்சிக்குப் பின்னால் ஒரு முழம் நடந்திருக்கும். வேலை தொடங்க வேண்டிய இடம் நீர். மழை பெய்யும்போது குடையோடு சுற்றிப்பார்த்து, எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது என்று சுண்ணாம்பால் குறிக்க வேண்டும். வழியை அடைத்துவிட்டு ஒரு வெயில்காலம் காயவிட வேண்டும். இரண்டு ஊசி வைத்துக் குத்தி ஈரம் அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது; அதில் 18க்குக் கீழே வந்தபிறகுதான் உளியை எடுக்க வேண்டும். மென்மையான பகுதியைத் தாண்டி, நல்ல மரத்துக்குள் ஓரடி போய் வெட்டி எடுத்து, அதே இன மரத்தைச் சாய்வெட்டில் ஒட்டுப்போட வேண்டும். சாய்வின் சரிவு வெளிப்பக்கம் இறங்க வேண்டும்; உள்ளே இறங்கினால் மறுபடி நீர் போகும். குடிலை ஜாக்கி வைத்து அரை அங்குலம் தூக்கி அடிச்சட்டத்தை மாற்றுவது மூன்று ஆள் ஒரு நாளில் முடிக்கிற வேலை. கடற்கரைப் பக்கமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ மட்டுமே. வெறும் இரும்பு துருப்பிடித்து, சுற்றிலுமுள்ள மரத்தையும் கறுக்கவைத்துத் தளர்த்திவிடும்.

"இவ்வளவு பார்க்கணும்னா கான்கிரீட்டே தேவலையே" என்ற கடைசி வாதம் இங்கேதான் வரும். கான்கிரீட்டுக்கும் இதே நீர்தான் எதிரி. கம்பிவரை ஈரம் போய்த் துரு ஊதி, கூரை பெயர்ந்து விழுவதைக் கடலோர ஊர்களில் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். அங்கே யாரும் "சிமென்ட் நம்ம ஊருக்கு ஆகாது" என்பதில்லை. "மொட்டை மாடியில நீர் தேங்குது, சரிவு சரியில்ல" என்கிறார்கள். சிமென்ட் கெட்டால் கட்டியவரைக் கேட்கிறோம். மரம் கெட்டால் மரத்தையே தண்டிக்கிறோம். மரத்துக்குக் கூடுதலாக ஒரு நன்மையும் இருக்கிறது. அழுகிய சட்டம் ஒன்றை மட்டும் ஊர் ஆசாரியே வெட்டி மாற்றிவிட முடியும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து அச்சில் வார்த்த பலகை வளைந்துவிட்டால் அதே அச்சில் வார்த்த பலகையைத் தேடி அலைய வேண்டும். அந்தக் கம்பெனி அப்போது இருக்குமா என்பது வேறு விஷயம்.

பார்க்க வேண்டியதும் அவர்கள் சொல்லும் அளவு இல்லை. புரட்டாசியில் ஒரு காலைப்பொழுது போதும். கூரைக் கால்வாயில் சருகு அள்ளுவது, தகட்டு ஆணிகளைத் தொட்டுப் பார்ப்பது, அடியில் டார்ச் அடித்துக் கரையான் குழாய் தேடுவது, அடிச்சட்டத்தை நான்கு மூலையிலும் குத்திப் பார்ப்பது, சுவரை ஒட்டி வளர்ந்த செடியை வெட்டுவது. எண்ணெய்ப் பூச்சு மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் அடிக்கும் பக்கத்துக்குச் சற்று அடிக்கடி.

புதிதாகக் கட்டப்போகிறவர்கள் ஒப்பந்தக்காரர் தரும் விலைச்சீட்டை வாங்கிப் பாருங்கள். என்ன மரம், எந்தக் கம்பெனி பாலிஷ், எத்தனை கோட், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எல்லாம் இருக்கும். மண்ணுக்கும் மரத்துக்கும் இடைவெளி எவ்வளவு, இறவாணம் எத்தனை அடி, அடியில் காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகும், நிலைக்கு மேலே எவ்வளவு இடம் விடுகிறார், வெட்டுமுனைக்கு என்ன பூசுகிறார் என்ற ஐந்தையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருகிறவரிடம் பைன் மரத்தில்கூடத் துணிந்து கட்டலாம். "அதெல்லாம் தேவையில்லைங்க, நம்மது பர்மா தேக்கு" என்று சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.